மூன்று மாதம் சர்வரைப் படித்தேன், அவர்கள் கேட்டது கைபேசியை

"பயனர் லிஃப்டுக்குள் நிற்கிறார். சிக்னல் இல்லை. 'கிளம்பிவிட்டேன்' என்று எழுதி அனுப்பும் பொத்தானை அழுத்துகிறார். அடுத்த நொடி உங்கள் செயலிக்குள் என்ன நடக்கிறது?" அரட்டைச் செயலி ஒன்றை வடிவமைக்கச் சொல்லி நேர்காணல் செய்தவர் இதைக் கேட்டபோது, இருவரும் பார்க்கும் வரைபலகையில் நான் கோரிக்கைகளைப் பங்கிடும் ஒரு லோடு பேலன்சர், நான்கு சர்வர்கள், செய்திகளை வரிசையில் நிறுத்தும் ஒரு காஃப்கா, மூன்று துண்டாகப் பிரித்த தரவுத்தளம் என்று ஒரு சிறு நகரத்தையே வரைந்து முடித்திருந்தேன். பதினைந்து நிமிடம் அதற்கே போயிருந்தது. கைபேசிக்கு நான் கொடுத்திருந்த இடம் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் 'செயலி' என்ற ஒற்றைச் சொல். "நெட்வொர்க் இல்லை என்று பிழைச் செய்தி காட்டுவோம்" என்றேன். "காட்டிய பிறகு?" "மறுபடியும் அனுப்பச் சொல்வோம்." "யாரை?" "பயனரை." அவர் எதையோ குறித்துக்கொண்டார். ஏழு ஆண்டுகளாக ஆண்ட்ராய்டு செயலி எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். லிஃப்டுக்குள் நின்று வாட்ஸ்அப்பில் செய்தி தட்டிவிட்டு, வெளியே வந்ததும் கடிகாரக் குறி டிக் ஆக மாறுவதை நானே ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அது எப்படி நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

இந்த நேர்காணலுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் பெரிய தவறு அங்கேதான் தொடங்கியது. சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சேவை நிறுவனத்தில் இருந்தேன். வெளிநாட்டுக் கடை ஒன்றுக்கான செயலி. திரை மாற்று, பொத்தான் சேர், பிழை திருத்து என்று ஆண்டுகள் ஓடின. பெங்களூரில் சொந்தமாகச் செயலி நடத்தும் நிறுவனங்களுக்கு மாற வேண்டும் என்ற ஆசை வந்தபோது, விண்ணப்பித்த எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: நோட்டீஸ் காலம் எவ்வளவு? தொண்ணூறு நாள் என்றதும் மறுமுனையில் குரல் இறங்கிவிடும். ராஜினாமா கொடுத்துவிட்டுத் தேடினால்தான் மதிப்பார்கள் என்று அலுவலகத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. பிப்ரவரி முதல் வாரம் ராஜினாமா செய்தேன், அழைப்புகள் குவிந்தன. ஆனால் அவர்கள் இருவருமே மூன்று மாதம் படித்துத் தயாரான பிறகு ராஜினாமா செய்தவர்கள். நான் செய்த பிறகு படிக்கத் தொடங்கினேன். இந்த வரிசை மாறியதற்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

படிக்கத் தொடங்கியதிலும் கோணல். ஒரு மென்பொருளை எப்படிக் கட்டுவீர்கள் என்று வரைந்து விளக்கச் சொல்லும் 'சிஸ்டம் டிசைன்' சுற்று உண்டு என்று மனிதவளத் துறையிலிருந்து பேசியவர் சொன்னதும், இணையத்தில் அந்தப் பெயரில் முதலில் கண்ணில் பட்ட பன்னிரண்டு வாரப் பயிற்சியில் 48,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். வார இறுதி வகுப்புகள். தரவைச் சர்வர்களுக்குப் பங்கிடும் கன்சிஸ்டன்ட் ஹாஷிங், தரவுத்தளத்தைத் துண்டாடுவது, ஒரு நொடிக்கு எத்தனை கோரிக்கை வரும் என்று மனக்கணக்காகப் போடுவது என்று எல்லாமே சர்வர் பக்கம். ஆசிரியர் நன்றாகத்தான் நடத்தினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். சர்வர் எழுதுகிறவர்களுக்கு அது தங்கம். எனக்கோ சமையல் போட்டிக்குப் போகிறவள் விவசாயம் கற்றுக்கொண்ட கதை. மனிதவளத் துறை ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: இந்தச் சுற்று சர்வர் பக்கத்துக்கானதா, மொபைலுக்கானதா? நாணப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை. பின்னால் கேட்கத் துணிந்தபோது எல்லா நிறுவனத்திலும் தயங்காமல் பதில் சொன்னார்கள். சிலர் எந்தெந்த விஷயத்தைப் பார்ப்பார்கள் என்று ஒரு பக்கக் குறிப்பே மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அந்தக் குறிப்பு கேட்டால்தான் வரும் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

இப்படிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதில், மொபைல் டிசைன் சுற்று என்ற ஒரே பெயரில் மூன்று வகைக் கேள்விகள் உலவுகின்றன. ஒரு முழு வசதியை வடிவமைக்கச் சொல்வது முதல் வகை: அரட்டைத் திரை, செய்தி ஓடை, உணவு ஆர்டரைப் பின்தொடரும் வரைபடம். இரண்டாவது, மற்ற நிரலாளர்கள் பயன்படுத்தும் ஒரு நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, வடிவமைக்கச் சொல்வது: படம் ஏற்றும் நூலகம், பயனர் எதைத் தொட்டார் என்று பதிவு செய்து அனுப்பும் நூலகம். மூன்றாவது, ஒரு பெரிய செயலியைப் பல குழுக்கள் வேலை செய்ய ஏதுவாக எப்படித் தொகுதிகளாகப் பிரிப்பீர்கள் என்பது. மூன்றாவது எனக்கு வரவே இல்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

இரண்டாவது வகையில் அடிபட்டேன். மே மாதம், நோட்டீஸ் முடிந்து வீட்டில் இருக்கிறேன். பெங்களூருக்கு நேரில் வரச் சொன்னார்கள். இரவு பஸ்ஸில் போய், நிறுவனத்துக்கு அருகே ஒரு விடுதியில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். "கிளைடு மாதிரி ஒரு படம் ஏற்றும் நூலகத்தை நீங்களே வடிவமையுங்கள்" என்றார் எதிரே இருந்தவர். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கிளைடை ஏழு ஆண்டாகப் பயன்படுத்துகிறேன், ஒரு வரி எழுதினால் படம் வந்துவிடும். "பன்னிரண்டு மெகாபிக்சல் படம், 4000 அகலம், 3000 உயரம். கோப்பு 3 எம்.பி. அதைத் திரையில் காட்ட நினைவகத்தில் எவ்வளவு இடம் வேண்டும்?" என்று கேட்டார். "3 எம்.பி." என்றேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்திவைத்தார். பெருக்கிப் பார் என்று அர்த்தம். கோப்பாக இருக்கும்போதுதான் அது சுருக்கப்பட்டிருக்கிறது. திரையில் காட்ட விரிக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் வழக்கமாக நான்கு பைட். 4000 பெருக்கல் 3000 பெருக்கல் 4: ஏறத்தாழ 48 எம்.பி. ஒரே படத்துக்கு. பட்டியலில் இப்படிப் பத்துப் படத்தை அப்படியே விரித்தால் சாதாரணக் கைபேசியில் செயலி மூச்சுத் திணறிச் செத்துப்போகும். அதே படத்தை 300-க்கு 300 கட்டத்தில் காட்டத்தான் போகிறோம் என்றால் தேவை 360 கே.பி. மட்டும். முதலில் படத்தின் அளவை மட்டும் படித்து, கட்டத்துக்கு ஏற்பச் சிறிதாக்கி விரிப்பதுதான் அந்த நூலகத்தின் உயிரே. அதை ஏழு ஆண்டாக எனக்காக யாரோ செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

கணக்கு அங்கேயே நிற்கவில்லை. பட்டியல் சில கட்டங்களையே அடுத்தடுத்த வரிசைகளுக்கு மறுபடி மறுபடி பயன்படுத்துகிறது. பயனர் விரலால் பட்டியலை வேகமாகத் தள்ளுகிறார். இருபதாவது வரிசைக்காகக் கேட்ட படம் வந்து சேர்வதற்குள் அந்தக் கட்டம் முப்பதாவது வரிசைக்குப் போய்விட்டது. வந்த படம் யார் தலையில் விழும்? இது நிஜ வாழ்க்கையில் நாம் பார்த்த பிழைதான்: நண்பரின் பெயருக்குப் பக்கத்தில் வேறொருவர் முகம் ஒரு கணம் தோன்றி மறையும். கட்டம் வேறு வரிசைக்குப் போகும்போது பழைய கோரிக்கையை ரத்து செய்ய வேண்டும். ஒரே படத்தை மூன்று கட்டங்கள் கேட்டால் மூன்று முறை இறக்காமல் ஒரே இறக்கத்தில் மூவருக்கும் கொடுக்க வேண்டும். மறுபடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் கிடங்காக நினைவகத்தில் ஒரு கேஷ், கைபேசியின் சேமிப்பகத்தில் இன்னொரு கேஷ். இந்தக் கேஷுக்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை, பணம் அந்த நேரத்தில் என்னிடம் வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. நினைவகக் கேஷுக்கு எல்லை எவ்வளவு, நிரம்பினால் எதை வெளியேற்றுவது, இரண்டிலும் படத்தைத் தேடி எடுக்கும் சாவியாக எதை வைப்பது? படத்தின் முகவரி மட்டும் போதாது, காட்டப்போகும் அளவும் சாவியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுபடத்துக்காக விரித்ததைப் பெரிய திரையில் இழுத்துக் காட்டி மங்கலாக்கிவிடுவோம். இவற்றில் பாதியை அவர் கோடிகாட்டித்தான் சொன்னேன். மீதிப் பாதி ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கிருஷ்ணகிரி தாண்டியதும் தானாக நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள் 'இப்போதைக்கு முன்னெடுக்கவில்லை' என்று இரண்டு வரி மின்னஞ்சல்.

அந்த வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் கைக்கு வந்துகொண்டிருந்த 92,000 ரூபாய் நின்றுவிட்டது. வீட்டுக் கடன் தவணை நிற்கவில்லை. கணவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மளிகைப் பட்டியலை அவரே எழுதத் தொடங்கியிருந்தார், முந்திரி இல்லாமல். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாரிடமும் பேசவில்லை. நன்றாக வேலை செய்கிறவள் என்று பெயர் வாங்கியவளுக்கு, எனக்கு இது தெரியவில்லை என்று பழைய சகாக்களிடம் போய் நிற்பது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தால் மட்டும் மூன்று வாரம் வீணானது.

கோவில்பட்டியிலிருந்து அப்பா வந்திருந்தார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மேசையில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நான் கட்டங்கள் வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்து, என்னம்மா வரைகிறாய் என்றார். எரிச்சலோடுதான் சொன்னேன்: சிக்னல் இல்லாத இடத்தில் ஒருவர் செய்தி அனுப்பினால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள், சர்வரைக் கேட்காமல் செயலி எப்படி முடிவு செய்யும் என்று. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நாங்கள் டிப்போவைக் கேட்டுக்கொண்டா டிக்கெட் கிழித்தோம்?" என்றார்.

பிறகு அவரே தாளை வாங்கி எழுதிக் காட்டினார். காலையில் டிப்போவில் டிக்கெட் கட்டுகளை வாங்கும்போதே அவற்றில் வரிசை எண் அச்சிட்டிருக்கும். வழியில் யாரையும் கேட்க வேண்டாம், கிழிக்கிற ஒவ்வொரு டிக்கெட்டும் ஏற்கெனவே ஓர் எண்ணோடுதான் பயணியின் கைக்குப் போகிறது. ஒவ்வொரு ஸ்டேஜிலும் எந்த எண்வரை கிழித்தோம் என்று தாளில் குறிக்க வேண்டும். இரவு டிப்போவில் பணத்தையும் தாளையும் ஒப்படைக்கும்போது அங்கே சரிபார்ப்பார்கள். "ஒரே எண் இரண்டு முறை வந்தால்?" என்று கேட்டேன். "வரவே முடியாது, வந்தால் நான் வீட்டுக்கு வர முடியாது" என்றார். "நடுவழியில் எனக்கு உடம்பு சரியில்லாமல் போய் வேறொருவர் வண்டியில் ஏறினால், அந்தத் தாளைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நான் எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்தால் அவர் என்ன செய்வார்?" இதைச் சொல்லிவிட்டு மோர் கேட்டார். நான் எழுந்து மோர் எடுக்கப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

லிஃப்டு கேள்விக்கு விடை அதில் முழுதாக இருந்தது. பொத்தானை அழுத்தியதும் செயலி தானே ஒரு தனித்த அடையாள எண்ணை உருவாக்குகிறது. செய்தியை அந்த எண்ணோடு, 'அனுப்பப்படவில்லை' என்ற நிலையில், கைபேசிக்குள் இருக்கும் தரவுத்தளத்தில் எழுதுகிறது. ஆண்ட்ராய்டில் அது ரூம், அதன் அடியில் எஸ்.க்யூ.லைட். திரை சர்வரைப் பார்ப்பதில்லை, அந்தத் தரவுத்தளத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் செய்தி உடனே கடிகாரக் குறியோடு தோன்றிவிடுகிறது. அனுப்பும் வேலை, பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ஒர்க்மேனேஜரிடம் போகிறது. நெட்வொர்க் வந்ததும் அது ஓடும், செயலியைக் கொன்றாலும், கைபேசியை அணைத்துப் போட்டாலும் வேலை மறக்கப்படாது. சர்வர் வாங்கிக்கொண்டு பதில் அனுப்பும்போது வழியில் பதில் மட்டும் தொலைந்தால்? செயலி மறுபடி அனுப்பும். எண் அதேதான் என்பதால் சர்வர் இரண்டாவதைப் புதிய செய்தியாகச் சேர்க்காது. தோற்றால் உடனே உடனே தட்டாமல் பத்து நொடி, இருபது, நாற்பது என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், அதிலும் கொஞ்சம் தற்செயலான ஏற்றத்தாழ்வு வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் விழுந்து எழும்போது எல்லாக் கைபேசிகளும் ஒரே நொடியில் அதன்மேல் பாயும். செய்திகளின் வரிசைக்குக் கைபேசியின் கடிகாரத்தை நம்பக் கூடாது, அதை யாரும் மாற்றி வைத்திருக்கலாம். இறுதி வரிசையை டிப்போ, அதாவது சர்வர், கொடுக்கும் எண் முடிவு செய்யட்டும்.

நடுவழியில் ஏறும் நடத்துநர் கதையும் வீண் போகவில்லை. பின்னணிக்குப் போன செயலியை ஆண்ட்ராய்டு நினைவகத்துக்காகக் கொன்றுவிடக்கூடும். திரும்பி வரும் பயனருக்கோ அது விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். திரைக்கு வேண்டிய தரவைப் பிடித்து வைத்திருக்கும் வியூமாடல், கைபேசியைத் திருப்பினால் தப்பிக்கும், இந்தக் கொலையில் தப்பிக்காது. பாதி எழுதிய செய்தியை எங்கே வைப்பீர்கள் என்பது மிகவும் பிடித்தமான கிளைக்கேள்வி. என்னிடம் மூன்று நிறுவனங்களில் கேட்டார்கள்.

அன்று இரவே பயிற்சி முறையை மாற்றினேன். காணொளிகளை மூடிவிட்டு, என் கைபேசியில் தினமும் திறக்கும் செயலிகளை ஒவ்வொன்றாக எடுத்து விமானப் பயன்முறையில் போட்டேன். எது பழைய தரவைக் காட்டுகிறது, எது வெள்ளைத் திரையோடு நிற்கிறது, எது விருப்பக் குறியை ஏற்றுக்கொண்டு பிறகு கமுக்கமாக அழித்துவிடுகிறது? டெவலப்பர் அமைப்புகளில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால், திரையை விட்டு நகர்ந்ததுமே அது அழிக்கப்படும். செயலி முழுதாகக் கொல்லப்படுவதற்கு இது ஈடல்ல, ஆனால் ஓட்டைகளை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தேன், பெரிய பெரிய செயலிகள்கூட எழுதியதைத் தொலைத்துவிட்டு நின்றன. ஒவ்வொன்றுக்கும் இதை நான் செய்திருந்தால் எப்படிச் செய்திருப்பேன் என்று அரைப் பக்கம் எழுதினேன். பத்து நாளில் முப்பது செயலிகள். அந்த 48,000 ரூபாய்ப் பயிற்சியைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்த இலவச நோட்டுப் புத்தகம்தான். காசில்லாமல் படிக்க இன்னும் இரண்டு: ஆண்ட்ராய்டின் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் இணையம் இல்லாமலும் இயங்கும் செயலியைக் கட்டுவது பற்றி ஒரு வழிகாட்டி இருக்கிறது. கூகுள் திறந்து வைத்திருக்கும் 'நவ் இன் ஆண்ட்ராய்டு' என்ற மாதிரிச் செயலியின் நிரல் அதை நிஜத்தில் எப்படிச் செய்வது என்று காட்டுகிறது. படம் ஏற்றும் கேள்விக்கு கிளைடு, காயில் இரண்டின் மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. ஏழு ஆண்டில் ஒருமுறைகூட உள்ளே எட்டிப் பார்க்காதது என் சோம்பல்.

சில எண்கள் மட்டும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும், அவை வந்து விழும்போது கேட்பவரின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்பட்டால் ஒரு சட்டகத்தை, அதாவது ஒரு முறை திரையை, வரையக் கிடைப்பது 16 மில்லிநொடிதான். அதனால்தான் திரையை வரையும் முதன்மை இழையில் கோப்பைப் படிக்கக் கூடாது. ஒர்க்மேனேஜரில் திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணியில் ஒத்திசைப்போம் என்று சொல்லி நான் முதல் நேர்காணலிலேயே மாட்டிக்கொண்டேன். கூகுளின் ஃபயர்பேஸ் சேவை வழியாக வரும் அறிவிப்பில் 4096 பைட்டுக்கு மேல் தரவு வைக்க முடியாது, வந்து சேரும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆகவே அதை அழைப்பு மணியாக மட்டும் வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் 'என்னிடம் கடைசியாக இருப்பது இந்த எண், இதற்குப் பிறகு வந்ததைக் கொடு' என்று சர்வரிடம் கேட்க வேண்டும். செயலி திறந்திருக்கும்போது சர்வரோடு அறாமல் நிற்கும் வெப்சாக்கெட் இணைப்பு, மூடியிருக்கும்போது இந்த மணி. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் சும்மா கிடக்கும் கைபேசியை டோஸ் என்ற உறக்கத்தில் ஆழ்த்துவதும், 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 பின்னணி வேலைகளைக் கட்டுப்படுத்தியதும் தெரிந்திருந்தால், பின்னணியில் எப்போதும் இணைப்பைத் திறந்தே வைப்போம் என்று உளற மாட்டோம். ஐஃபோன் பக்கம் இன்னும் கறார். அங்கே 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் வந்த பின்னணி வேலைத் திட்டமிடலில் எப்போது ஓடுவது என்பதை அமைப்பே முடிவு செய்யும், நாம் விண்ணப்பம்தான் போடலாம்.

தெரிந்துகொண்டது வேறு, நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் அதை ஆங்கிலத்தில் சொல்வது வேறு. என்னை நானே கைபேசியில் பதிவு செய்து கேட்டேன். கொடுமை. தொடங்கி எட்டு நிமிடத்துக்குள் தரவுத்தள அட்டவணையின் நெடுவரிசைகளுக்குள் இறங்கிவிடுகிறேன், மேலே வரவே இல்லை. பழைய சகா ஒருவரிடம் கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டபோது அவர் இரண்டு மாதிரி நேர்காணல் நடத்திக் கொடுத்தார். நண்பர் என்பதால் குறுக்கிடாமல் கேட்டார், அது உதவாது. 5,000 ரூபாய் கொடுத்து முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒருமுறை செய்தேன். நாலாவது நிமிடமே "நீங்கள் என்ன கட்டுகிறீர்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை" என்றார். சுருக்கென்றிருந்தது, கொடுத்த பணத்துக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். ஒருமுறைக்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். அதன்பின் நேரத்தை இப்படி வைத்துக்கொண்டேன்: முதல் ஐந்து நிமிடம் கேள்விகள், அடுத்த பத்து நிமிடம் திரை, தரவுத்தளம், ஒத்திசைப்பு, நெட்வொர்க், சர்வர் என்று ஐந்தே கட்டங்களும் அவற்றுக்கிடையே தரவு ஓடும் அம்புகளும், அதற்குப் பிறகு எந்தக் கட்டத்துக்குள் போகலாம் என்று அவரிடமே கேட்பது. சர்வர் என்பது வலது ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம். பழைய படத்தை அப்படியே புரட்டிப் போட்டதுபோல.

தொடக்கக் கேள்விகளைச் சடங்காகக் கேட்பதும் வேலைக்காகாது. ஓரிடத்தில் பன்னிரண்டு கேள்வி அடுக்கினேன். "எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று சலிப்போடு சொல்லிவிட்டார். பதில் எதுவாக இருந்தால் என் படம் மாறுமோ அதை மட்டும் கேட்க வேண்டும். இணையம் இல்லாமல் எழுதவும் வேண்டுமா, படித்தால் போதுமா? ஒரே பயனர் இரண்டு கைபேசிகளில் இருப்பாரா? நினைவகம் குறைந்த பழைய கைபேசிகள் எவ்வளவு முக்கியம்? இந்த மூன்றே பெரும்பாலும் போதுமானவை.

ஜூன் மாத இரண்டாவது வாரம், ஆறாவது நிறுவனம். கேள்வி: விற்பனைப் பிரதிநிதிகள் ஊர் ஊராகப் போய்க் கடைகளில் பில்லைப் படமெடுத்து ஏற்றும் செயலி. கிராமங்களில் சிக்னல் இராது. எனக்கு அப்பாவின் தோல்பைதான் கண்முன் வந்தது. படத்தைச் சுருக்கிக் கைபேசியின் சேமிப்பகத்தில் வைப்பது, வரிசையில் போடுவது, துண்டு துண்டாக ஏற்றி அறுந்த இடத்திலிருந்து தொடர்வது, வைஃபை கிடைக்கும்வரை பெரிய படங்களைத் தள்ளிப்போடப் பயனருக்கு ஒரு விருப்பம், ஏறாமல் கிடப்பவை எத்தனை என்று திரையின் மேல் ஓர் எண். நடுவில் ஒரு சறுக்கல்: உள்நுழைந்தவர் இவர்தான் என்று சர்வரிடம் காட்டும் டோக்கனை எங்கே வைப்பீர்கள் என்றார், சாதாரண அமைப்புக் கோப்பில் என்று சொல்லிவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆண்ட்ராய்டின் பாதுகாப்பான சாவிப் பெட்டியான கீஸ்டோரில் உள்ள சாவியால் மறையாக்கம் செய்து வைப்பேன் என்று திருத்தினேன். ஆனால் கடைசிப் பத்து நிமிடம் என்னுடையதாக இருந்தது. வெளியீட்டை எப்படிச் செய்வீர்கள் என்று அவர் கேட்டார். பழைய வேலையில் நானே செய்த ஒரு பாவத்தைச் சொன்னேன். தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்துவிட்டு, பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்துகிறவர்களுக்கான மாற்று நிரலை எழுத மறந்துபோனேன். புதிதாக நிறுவிப் பார்த்த எங்களுக்கு எல்லாம் சரியாக ஓடியது, ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குத் திறந்ததுமே விழுந்தது. சர்வர் என்றால் ஐந்து நிமிடத்தில் பழையதைத் திருப்பிப் போடலாம். மக்கள் கைபேசிக்குள் போய்விட்ட பதிப்பைத் திரும்ப எடுக்க முடியாது. அன்று முதல் நூற்றில் ஒருவருக்கு முதலில், பிறகு பத்துப் பேருக்கு என்று படிப்படியாக விடுவதும், புதிய வசதிகளைச் சர்வரிலிருந்து அணைக்கும்படி வைப்பதும், பழைய பதிப்புகள் இன்னும் பல மாதம் சர்வரைக் கூப்பிடும் என்று எண்ணியே, செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஏ.பி.ஐ.-யை மாற்றுவதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தான் செய்த இதே போன்ற ஒன்றைச் சொன்னார்.

ஒன்பது நாளில் வேலைக் கடிதம் வந்தது, நான் எதிர்பார்த்ததைவிட ஒரு படி கீழே, ஆனால் பழைய சம்பளத்தைவிட மேலே. ஜூன் கடைசியில் சேர்ந்தேன். சம்பளமில்லாமல் இருந்தது 52 நாள், அதில் போனது ஏறத்தாழ 1,59,000 ரூபாய். பயிற்சிக்கு 48,000, மாதிரி நேர்காணலுக்கு 5,000, பெங்களூர்ப் போக்குவரத்துக்கும் தங்கலுக்கும் 6,000. கூட்டினால் 2,18,000. சேர்ந்த அன்று அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பில் படம் ஏறாமல் நின்றால் அந்த விற்பனையாளருக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "முதலில் அதைக் கேள்" என்றார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் கேட்டேன். பிடிக்கிறார்களாம். ஏறாமல் கிடக்கும் எண்ணிக்கையைக் காட்டும் அந்தச் சின்ன எண்தான் இப்போது அங்கே என் முதல் வேலை.